விட்டுப் பிடித்தல்: கடத்தல் பொதியைப் பின்தொடரும் முறையும் நாம் அறிய வேண்டியவையும்

"விட்டுப் பிடி" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வதுண்டு. தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால் அனுபவமுள்ளவர் உடனே இழுத்துவிட மாட்டார். நூலைத் தளர்த்திச் சிறிது தூரம் ஓடவிடுவார். அது களைத்த பிறகே கரைக்குக் கொண்டுவருவார். அவசரப்பட்டால் நூலும் அறும், மீனும் போகும். போதைப்பொருள் கடத்தலைத் துப்பறிவதில் போலீசாரும் சுங்கத்துறையினரும் கையாளும் ஒரு முறைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் அதைக் 'கன்ட்ரோல்டு டெலிவரி' என்கிறார்கள். கண்காணிப்புக்கு உட்பட்ட ஒப்படைப்பு என்பது அதன் பொருள்.

"தபாலில் வந்த போதை மாத்திரைகள் சிக்கின, பார்சலை வாங்க வந்தவர் கைது" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். சிக்கிவிட்ட பார்சலை வாங்க ஒருவர் எப்படி வந்தார் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் பொது அறிவுச் செய்தி அல்ல. ஊருக்கும் இங்குமாகப் பைகளும் பொட்டலங்களும் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் நாம். ஊருக்குப் புறப்படுகிறவரிடம் "இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு பையை நீட்டுவதும், மறுபேச்சின்றி வாங்கிக்கொள்வதும் நமக்குள் உள்ள நல்ல பழக்கம். அந்தப் பழக்கம் எங்கே ஆபத்தாகும் என்பது இந்த முறையைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

ஏன் விட வேண்டும்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில் பெட்டிகள் பராமரிப்பில் இருந்தவன் நான். எனக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். ரயிலின் பிரேக் குழாயில் எங்கோ காற்று கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் காலியாக இருக்கும்போது அந்தக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்றை நிரப்ப வேண்டும். பிறகு அழுத்தமானியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகக் காதைக் கொடுத்துக் கேட்டபடி நடக்க வேண்டும். காற்று ஓடினால்தான் ஓட்டை தெரியும்.

கடத்தலிலும் இதே கதைதான். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ ஒரு பொதியைத் திறந்து சரக்கைக் கைப்பற்றிவிட்டால், அந்தச் சரக்கு சந்தைக்குப் போகாமல் நின்றது, அது நல்லதே. ஆனால் அங்கேயே விசாரணையின் நூலும் அறுந்துபோகும். பொதியின் மேல் எழுதியிருக்கும் பெயர் பொய்யாக இருக்கும். முகவரி ஒரு பூட்டிய கடையாக இருக்கும். கையில் கொண்டுவந்தவன் கூலிக்குச் சுமப்பவனாக இருப்பான். அனுப்பியவனையும் அறியான், வாங்குகிறவனையும் அறியான். பணம் போட்டவன் நஷ்டக் கணக்கு எழுதிவிட்டு அடுத்த பொதியை அனுப்புவான்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். டால்க் கற்கள் என்று சொல்லி இறக்குமதியான இரண்டு கன்டெய்னர்களில் 2,988 கிலோ ஹெராயினை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தினர் கைப்பற்றினார்கள். ஆப்கானிஸ்தானில் கிளம்பி, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்த சரக்கு அது. காகிதங்களில் இருந்ததோ விஜயவாடா முகவரி கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயரை வைத்துச் சென்னை வரை விசாரணை சென்றது. பிறகு தேசியப் புலனாய்வு முகமை வழக்கை ஏற்றது. அவ்வளவு பெரிய சரக்கைப் பிடித்த பின்னும் 'யார் அனுப்பினார்கள், உண்மையில் யாருக்காக?' என்ற கேள்விக்கு விடைதேடி அலைய வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்குப் பொதியே நடந்துபோய் விடை சொல்லும்படி செய்வதுதான் விட்டுப் பிடித்தல்.

சட்டம் என்ன சொல்கிறது?

போலீசார் தாங்களாகவே "விட்டுப் பார்ப்போம்" என்று முடிவு செய்துவிட முடியாது. தடை செய்யப்பட்ட சரக்கைக் கண்டதும் கைப்பற்றுவதே அதிகாரியின் கடமை. தெரிந்தே போகவிட்டால் அவரும் குற்றத்துக்கு உடந்தை ஆவார். ஆகவே இதற்குச் சட்டத்தின் தனி அனுமதி வேண்டும்.

1988 டிசம்பரில் வியன்னாவில் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் கடத்தல் தடுப்பு ஒப்பந்தம் இம்முறைக்கு உலக அளவில் இடம் கொடுத்தது. அதன் 11-ஆவது பிரிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, இம்முறையைக் கையாள்வதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். பொதுவான உத்தரவாக வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, செலவு யாருடையது, எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் பேசி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, பிடித்த பொதியை அப்படியேயும் போகவிடலாம். போதைப்பொருளை எடுத்துவிட்டோ, முழுவதும் அல்லது ஒரு பகுதிக்கு வேறு பொருளை வைத்தோ போகவிடலாம். இந்தியா இந்த ஒப்பந்தத்தில் 1990-இல் சேர்ந்தது.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம். என்.டி.பி.எஸ். சட்டம் என்று வழக்கில் சொல்வது இதைத்தான். 1986 மார்ச்சில் என்.சி.பி. எனப்படும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் அமைந்தது. ஆனால் விட்டுப் பிடிக்கும் முறைக்கு வெளிப்படையான சட்ட இடம் கிடைத்தது 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அப்போது சேர்க்கப்பட்ட 50ஏ பிரிவின்படி, பணியகத்தின் தலைமை இயக்குநரோ, அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ இதை நடத்தலாம். இந்தியாவுக்குள் எந்த ஊருக்கும் பொதியைப் போகவிடலாம். வெளிநாட்டுக்குப் போகும் பொதி என்றால் அந்த நாட்டின் உரிய அமைப்போடு கலந்து பேசிய பிறகே விட வேண்டும்.

சுங்கத்துறைக்கும் பின்னர் இதே அதிகாரம் வந்தது. 2018-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சுங்கச் சட்டத்தில் 109ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2022 ஜூலையில் அதற்கான விதிமுறைகள் வெளியாயின. இதன்படி போதைப்பொருள் மட்டுமின்றி, கடத்தல் தங்கம், வெளிநாட்டு நாணயம், சிகரெட், வனவிலங்குப் பொருட்கள் போன்றவற்றையும் கண்காணிப்போடு போகவிட்டுப் பின்தொடரலாம்.

நடைமுறை எப்படி?

ஒற்றைத் தடத்தில் ரயில் விடும் முறை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த ஸ்டேஷன் 'லைன் க்ளியர்' கொடுக்காமல் வண்டி நகராது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி இருக்கும் நேரம் முழுவதும் அதற்கு இரண்டு பக்கமும் பொறுப்பாளிகள் இருப்பார்கள். விட்டுப் பிடிப்பதும் அதே ஒழுங்கில் நடக்க வேண்டிய காரியம். படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தகவல். வெளிநாட்டு அமைப்பு சொல்லியிருக்கலாம். எக்ஸ்ரே படத்தில் சந்தேகம் வந்திருக்கலாம். மோப்ப நாய் நின்று காட்டியிருக்கலாம். எதுவானாலும் முதலில் எழுத்தில் பதிவாக வேண்டும்.

2. திறந்து பார்த்தல். பொதியை முறைப்படி திறந்து, சோதித்து, எடைபோட்டு, படம் எடுத்து வைப்பார்கள். முன்பு எப்படிக் கட்டியிருந்ததோ அப்படியே திரும்பக் கட்ட வேண்டும்.

3. விடலாமா என்ற முடிவு. இங்கேதான் மேலதிகாரியின் அனுமதி. பின்தொடர ஆட்கள் போதுமா, வழியில் சரக்கு கைநழுவ வாய்ப்பு உண்டா, நேரம் தாமதமானால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வருமா என்பதையெல்லாம் நிறுத்துப் பார்ப்பார்கள்.

4. மாற்றி வைத்தல். சரக்கு முழுவதையும் உள்ளே வைத்தே விட்டால், தவறிப்போனால் அது தெருவுக்குப் போய்விடும். ஆகவே பெரும்பகுதியையோ முழுவதையுமோ எடுத்துக்கொண்டு, அதே எடையில் தீங்கற்ற பொருளை வைப்பது உண்டு. "உள்ளே இருந்தது சரக்கே இல்லையே" என்று வாங்குகிறவன் தப்பிக்க முடியுமா? முடியாது. மாற்றி வைத்த பொருளையும் சேர்த்தே நம் சட்டம் இம்முறைக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. அதோடு, முயற்சிக்கு 28-ஆவது பிரிவும், உடந்தைக்கும் கூட்டுச் சதிக்கும் 29-ஆவது பிரிவும் தனியாக இருக்கின்றன.

5. பயணம். பொதியின் மேல் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இருக்கலாம். கண்காணிப்புக் கருவி இருக்கலாம். கருவியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்ற குறிப்பு வேண்டும். நம் பார்சல் வண்டியில் சீல் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவது போலத்தான்.

6. ஒப்படைப்பு. பொதியை முதலில் வாங்குகிறவர் பெரும்பாலும் கடைசி ஆள் அல்லர். வாட்ச்மேன் வாங்கலாம், வேலைக்காரச் சிறுவன் வாங்கலாம். அங்கேயே பாய்ந்தால் மறுபடியும் கூலி ஆள்தான் மிஞ்சுவான். பொதி அடுத்து எங்கே போகிறது, யார் அதைத் திறக்கிறார்கள், எந்த அறைக்குள் வைக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கண்ணில் இருந்து மறைந்துவிடும் என்ற நிலை வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு உடனே கைப்பற்றிவிட வேண்டும். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை.

7. கைது. அதன் பிறகு எல்லாம் சட்டப்படி. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதும் பறிமுதலும் நடந்த 48 மணி நேரத்துக்குள் அதிகாரி தம் மேலதிகாரிக்கு முழு அறிக்கை தர வேண்டும். ஒருவருடைய உடலைச் சோதிக்கும்போது, மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

கைநழுவினால் என்ன ஆகும்? இரண்டு நாடுகளின் பாடம்

இம்முறை கத்தியைப் போன்றது. அறுவை வைத்தியர் கையில் இருந்தால் உயிர் பிழைக்கும். மற்றபடி என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த இரண்டு உதாரணங்கள் உள்ளன.

நெதர்லாந்தில் வடக்கு ஹாலந்து, உட்ரெக்ட் பகுதிகளுக்காக ஒரு சிறப்புப் போலீஸ் குழு இருந்தது. கடத்தல் கூட்டத்தின் தலைமையை எட்ட வேண்டும் என்று, தங்கள் உளவாளி மூலம் கஞ்சா வகைச் சரக்குகளை டன் கணக்கில் நாட்டுக்குள் வரவிட்டார்கள். கைப்பற்றவில்லை, சரக்கு சந்தைக்கே போய்விட்டது. உளவாளி கூட்டத்தில் மேலே ஏறுவான், அவன் வழியாகத் தலைவனைப் பிடிக்கலாம் என்பது கணக்கு. கடைசியில் யார் யாரை நடத்துகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1993 டிசம்பரில் அந்தக் குழு கலைக்கப்பட்டது. 1994 மே மாதம் நீதித்துறை அமைச்சரும் உள்துறை அமைச்சரும் பதவி விலகினார்கள். நாடாளுமன்ற விசாரணைக் குழு 1996-இல் அறிக்கை கொடுத்தது. 2000-இல் வந்த புதிய சட்டம், ஆபத்தான சரக்கைத் தெரிந்தே சந்தைக்குப் போகவிடுவதைத் தடை செய்தது. அவர்கள் விட்டார்கள், பிடிக்கவில்லை. வெறுமனே விடுவது விட்டுப் பிடித்தல் ஆகாது.

இரண்டாவது உதாரணம் ஆஸ்திரேலியா. 1989-இல் மலேசியப் போலீசின் உளவாளி ஒருவர், ஒரு மலேசியப் போலீஸ்காரருடன் 140.4 கிராம் ஹெராயினை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியப் போலீசும் சுங்கமும் எல்லாம் தெரிந்தே அனுமதித்தன. அடிலெய்டில் அதை வாங்கியவர் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார். ரிட்ஜ்வே வழக்கு என்று பெயர் பெற்ற அது உயர்நீதிமன்றம் வரை போனது. அந்நாட்டில் மிக உயர்ந்த நீதிமன்றமே அதுதான். சரக்கை இறக்குமதி செய்ததே போலீசின் சட்டவிரோதச் செயல், அதற்கு அனுமதிக்கும் சட்டம் எதுவும் இல்லை, ஆகவே அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது என்று 1995-இல் தீர்ப்பாயிற்று. அதன் பிறகே, 1996-இல், இத்தகைய நடவடிக்கைகளுக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலும் காவல் சங்கிலி அறுந்தால் வழக்கு நிற்காது. அமிர்தசரஸ் விமான நிலையத்தில் 1997-இல் திராட்சைப் பெட்டியோடு 1 கிலோ 400 கிராம் ஹெராயின் கொண்டுவந்ததாகப் பிடிபட்டவரை, நூர் ஆகா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கைப்பற்றிய பொருட்களைக் காப்பாற்றிக் கோர்ட்டில் காட்டியதில் இருந்த குறைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இது விட்டுப் பிடித்த வழக்கு அல்ல. ஆனால் ஒரே கட்டடத்துக்குள் கைப்பற்றிய சரக்குக்கே இவ்வளவு கணக்கு என்றால், ஊர் ஊராகப் பயணம் செய்யும் பொதிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கையில் வைத்திருப்பவர் நிலை

இனி நம் வீட்டுக்கு வருவோம். விட்டுப் பிடிக்கும் முறையில் பொதிதான் வழிகாட்டி. அது யார் கையில் போய் நிற்கிறதோ, சட்டத்தின் கை முதலில் அவர் தோளில்தான் விழும். அவர் குற்றவாளியாக இருக்கலாம், ஏமாந்தவராகவும் இருக்கலாம்.

என்.டி.பி.எஸ். சட்டம் இந்த விஷயத்தில் மிகக் கடுமையானது. பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று நிரூபணமானால், அவர் தெரிந்தே வைத்திருந்தார் என்று 35, 54-ஆவது பிரிவுகள் அனுமானம் செய்யச் சொல்கின்றன. தெரியாது என்று காட்டும் பாரம் அவர் மேல் விழுகிறது. அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை முதலில் நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் சாட்சியமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் தூஃபான் சிங் வழக்கில் தீர்ப்பு வந்ததும் உண்மை. ஆனால் அதெல்லாம் விசாரணையில் கிடைக்கும் ஆறுதல். வணிக அளவு எனப்படும் பெரிய அளவு சம்பந்தப்பட்டால் 37-ஆவது பிரிவின்படி ஜாமீனே எளிதில் கிடைக்காது. தண்டனை 10 முதல் 20 ஆண்டு. அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை.

வணிக அளவு என்பது மூட்டை மூட்டையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கஞ்சாவுக்கு 20 கிலோ. ஹெராயினுக்கு 250 கிராம். கோகெயினுக்கு 100 கிராம். எல்.எஸ்.டி. என்ற பொருளுக்கோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். தபால்தலை போன்ற சிறு காகிதத் துண்டுகளில் தோய்த்து விற்கப்படும் சரக்கு அது.

ரேக் பிட் லைனுக்கு வந்த பிறகு கழிவறை மேல் பலகையைக் கழற்றினால், உள்ளே துணியில் சுற்றிய பொட்டலம் இருந்ததை நான் பணியில் இருந்தபோது கண்டதுண்டு. தொடாமல் நின்று, ரயில்வே பாதுகாப்புப் படைக்குச் சொல்லி அனுப்புவோம். யாரும் உரிமை கொண்டாடாத அந்தப் பொட்டலம் ஒருவருக்கும் துன்பம் தரவில்லை. அதுவே ஒரு பயணியின் பெர்த்துக்கு அடியில், அவருடைய சொந்தப் பையோடு பையாக இருந்திருந்தால்? ரயில்களில் சோதனை செய்யவும் கைப்பற்றவும் கைது செய்யவும் 2019-இல் அந்தப் படையினருக்கே என்.டி.பி.எஸ். சட்ட அதிகாரம் தரப்பட்டுவிட்டது.

நம் குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டியவை

அ) பிறர் பொருளை எடுத்துச் செல்லலாம், பிறர் கட்டிய கட்டை எடுத்துச் செல்லக் கூடாது. ஊறுகாயோ, வடகமோ, புடவையோ, திறந்து காட்டச் சொல்லி, உங்கள் கையால் கட்டிக்கொள்ளுங்கள். "மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏர்போர்ட்டில் கேட்பார்கள்" என்று சொன்னால் நல்லவர் யாரும் வருத்தப்பட மாட்டார். வருத்தப்படுகிறவர் பையை நீங்கள் கொண்டுபோகத் தேவையில்லை. வெளிநாட்டுப் பயணத்தில் இதற்கு விதிவிலக்கே வேண்டாம்.

ஆ) சாப்பாட்டுப் பொருள்தானே என்று ஏமாற வேண்டாம். 2024 பிப்ரவரியில் டில்லியில் சத்துமாவுக் கலவை, உலர்ந்த தேங்காய்த் துருவல் என்ற பெயரில் கிளம்பவிருந்த சரக்கிலிருந்து 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிபட்டது. போதைப்பொருள் தயாரிக்க மூலப்பொருளாகும் ரசாயனம் அது. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அதிகாரிகள் தந்த தகவலில் தொடங்கிய அந்த விசாரணையில் தமிழ்நாட்டுக்காரர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. தேங்காய்த் துருவலைவிட நமக்கு வேண்டிய பொருள் எது? கடத்துகிறவர்களும் அதைத்தான் நம்புகிறார்கள்.

இ) பக்கத்து வீட்டாருக்கு வரும் பார்சலை வாங்கி வைப்பது மனிதத் தன்மை. ஆனால் முன்பின் தெரியாதவர் "உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன், வாங்கி வையுங்கள், கமிஷன் தருகிறேன்" என்றால் வேண்டாம். பேயிங் கெஸ்ட்டாகத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக உட்கார்த்திச் சொல்லுங்கள்.

ஈ) கல்லூரிப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள். கம்ப்யூட்டரில் ஆர்டர் செய்து வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் யாருக்குத் தெரியும் என்று எண்ணுகிறார்கள். 2020-இல் மட்டும் சென்னையில், நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து அஞ்சலில் வந்த எக்ஸ்டசி மாத்திரைகளைச் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்தார்கள். தபால்காரர் கொண்டுவரும் பொதிக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பது வாங்குகிற பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை ஏற்கனவே பழக்கத்துக்கு ஆளாகியிருந்தால் அடிப்பதிலும் மறைப்பதிலும் பயனில்லை. தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்குச் சிறிய அளவு வழக்குகளில் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. 14446 என்ற இலவச எண்ணில் சிகிச்சைக்கு வழி கேட்கலாம்.

உ) ரயிலில் உங்கள் இருக்கைக்கு அடியில் யாருடையது என்று தெரியாத பை இருந்தால், கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் தொடாமல் 139-க்குச் சொல்லுங்கள். போதைப்பொருள் பற்றிய சந்தேகத்தைத் தெரிவிக்க என்.சி.பி.யின் 1933 என்ற எண் 2024 ஜூலை முதல் இருக்கிறது. சந்தேகப் பொதி உங்களிடம் வந்துவிட்டால் குப்பையில் எறிந்து கைகழுவ நினைக்காதீர்கள். உடனே தெரிவிப்பதே உங்களுக்குக் காப்பு.

போனில் வரும் பொய்க் கைது

கடைசியாக ஒன்று. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மாத்திரை இருக்கிறது, சுங்கத்துறையிலிருந்து பேசுகிறோம், வீடியோவில் வாருங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று போன் வருகிறது. 'டிஜிட்டல் கைது' என்று இதற்குப் பெயர். ஓய்வுபெற்றவர்களும் தனியாக இருக்கும் முதியவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார்.

இதுவரை படித்ததை வைத்து நாமே யோசித்துப் பார்க்கலாம். உண்மையிலேயே உங்கள் பெயருக்கு வந்த பொதியில் சரக்கைக் கண்டுபிடித்த அதிகாரி என்ன செய்வார்? ஒன்று, உடனே கைப்பற்றி நேரில் வருவார். அல்லது, உங்களுக்குத் துளியும் தெரியாமல் பொதியை உங்கள் வாசலுக்கு அனுப்பிப் பின்னாலேயே வருவார். அந்த முறையின் உயிர்நாடியே வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருப்பதுதான். தூண்டில் போட்டவர் மீனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுவாரா? சுங்கத்துறைக்கு உங்களிடம் விளக்கம் தேவைப்பட்டால் எழுத்து மூலம் நோட்டீஸ் வரும். வீடியோவில் கைது செய்ய நம் நாட்டில் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பணத்தை மாற்றினால் வழக்கு முடியும் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. ஆகவே போனை வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வீட்டில் பேச ஐந்து கேள்விகள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றுக்கு விடை காணுங்கள். எல்லாம் மேலே சொன்னவற்றில் உள்ளன.

1. பிடிபட்ட பொதியை அதிகாரிகள் ஏன் மீண்டும் போகவிடுகிறார்கள்? அதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

2. உள்ளே இருந்த சரக்கை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்த பிறகும் வழக்கு எப்படி நிற்கிறது?

3. நெதர்லாந்தில் நடந்ததற்கும் விட்டுப் பிடித்தலுக்கும் என்ன வித்தியாசம்?

4. அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது தெரிந்தவர் ஒருவர் தைத்து மூடிய பை ஒன்றைக் கொடுத்தால், மனம் நோகாமல் என்ன சொல்வீர்கள்?

5. தாத்தா பாட்டிக்கு அப்படி ஒரு போன் வந்தால், அவர்கள் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? அந்தப் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி இன்றைக்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.